வலப்பக்க வட்டம்

என் பெரியம்மா தபால் அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷமாக மூன்றாம் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவருக்கு 'வட்டம்' என்று ஒரு பெயர் இருந்தது. போஸ்ட் மாஸ்டர் முதல் பை தூக்குகிறவர் வரை எல்லோரும் 'வட்டம் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் குத்தும் தேதி முத்திரை அப்படி விழும். மற்றவர்கள் குத்தினால் பாதி விழும், பாதி காற்றில் போய்விடும். அல்லது மை அப்பிக்கொண்டு நாள் எது மாதம் எது என்று தெரியாது. பெரியம்மா குத்தினால் விளிம்பு எங்கும் உடையாத முழு வட்டம் விழும், உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகத் தெரியும்.

காலையில் மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் அவர் முத்திரையைப் பிரித்து, முந்தின நாள் எண்களை இடுக்கியால் எடுத்துவிட்டு, அன்றைய எண்களைப் பொருத்துவார். அதற்கென்று இருந்த நோட்டில் ஒரு குத்து குத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சரியாக விழாவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷால் எழுத்து இடுக்கில் இருக்கும் மையைச் சுரண்டிவிட்டு மறுபடி குத்துவார். அந்த நோட்டுகளை எல்லாம் வருஷவாரியாகக் கட்டி அலுவலக அலமாரியில் வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கேலிக்காரர். "இருபது வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். என் நெத்தியில மட்டும் இன்னும் முத்திரை விழல. அனுப்பிவைக்க அட்ரஸ் கிடைக்கல போல," என்பார். பெரியம்மா சிரிக்க மாட்டார். ஆனால் பெரியப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும். கல்லூரி பக்கம் என்பதால் மூன்று வருஷம் நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். இரண்டு அறை. ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி.

பெரியம்மாவிடம் ஒரு குணம் இருந்தது. தெரியாத ஒன்றை யாரிடமும் கேட்க மாட்டார். கேட்டால் தன் உயரம் ஒரு விரற்கடை குறைந்துவிடும் என்பதுபோல் இருப்பார். புது ரேடியோ வாங்கி வந்தபோது அதை எப்படித் திருப்புவது என்று பெரியப்பாவைக் கேட்காமல், ஒரு வாரம் ஒரே நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அது சிரிப்பாகப் போனது.

அவருடைய கவுன்டரில் பதில் கூப்பன் என்று ஒன்று விற்றார்கள். நம் ஊர் ஸ்டாம்ப் வெளிநாட்டில் செல்லாது. அங்கே இருப்பவர் நமக்குப் பதில் எழுத வேண்டும், அதற்கான தபால் செலவை நாமே கொடுத்துவிட வேண்டும் என்றால், இந்தக் கூப்பனை வாங்கிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பலாம். அவர் அதைத் தன் ஊர்த் தபால் அலுவலகத்தில் நீட்டினால் அந்த ஊர் ஸ்டாம்ப் கொடுப்பார்கள். உள்ளங்கை அகலத் தாள். இடப்பக்கம் ஒரு வெற்று வட்டம், வலப்பக்கம் ஒரு வெற்று வட்டம். இரண்டின் கீழும் எறும்பு வரிசை மாதிரி ஏதோ அந்நிய மொழியில் இரண்டு வரி.

பெரியம்மாவுக்கு முன்னால் அந்தக் கவுன்டரில் இருந்தவர் மாற்றலாகிப் போகிற அவசரத்தில் கூப்பன்கள் இருந்த கோப்பு ஒன்றை நீட்டி, வருஷத்துக்கு ஒன்று போனால் அதிசயம், விற்கும்போது முத்திரை குத்திக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எந்த வட்டத்தில் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அதன் பிறகு பல வருஷம் ஒரு கூப்பன்கூட விற்கவில்லை.

பிறகு காஜா அம்மா வந்தார்.

சட்டைக்குப் பித்தான் துளை தைப்பதைக் காஜா எடுப்பது என்பார்கள். கடைத்தெருவில் இருந்த நான்கு தையல் கடைகளுக்கும் அவர்தான் கையால் காஜா எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊசி குத்திக் குத்தி இடக்கை ஆள்காட்டி விரலின் நுனி உளுத்த மரம்போல் இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மகன் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் சண்டை, ஒருவனுக்குக் கண் போய்விட்டது, இவனுக்கு ஏழு வருஷம் சிறை.

சிறைக்குள்ளிருந்து அவனுடைய முதல் கடிதம், அங்கே கைதிகளைப் பார்க்க வரும் யாரோ ஒருவர் புண்ணியத்தில் வந்தது. அதில் எழுதியிருந்தான்: இங்கே ஸ்டாம்ப் வாங்க எனக்கு வழியில்லை. ஊரில் பதில் கூப்பன் என்று ஒன்று விற்பார்களாம், அதை உள்ளே வைத்து அனுப்பினால் இங்கே அலுவலகத்தில் ஸ்டாம்ப்பாக மாற்றிக் கொடுப்பார்களாம், நீ வைத்து அனுப்பினால் நான் மாசாமாசம் எழுதுவேன்.

காஜா அம்மா அந்தக் கடிதத்தையே கவுன்டரில் நீட்டி, இதில் எழுதியிருப்பது கிடைக்குமா என்று கேட்டார். பெரியம்மா கோப்பை எடுத்து, தூசி தட்டி, ஒரு கூப்பனை உருவினார். அவர் கையில் முத்திரை இருந்தது. எதிரே இரண்டு வட்டங்கள். இருபது வருஷமாக அந்தக் கை கடித உறையின் வலப்பக்க மூலையிலேயே குத்திப் பழகியது. ஸ்டாம்ப் ஒட்டுவது அங்கேதானே. கை வலப்பக்கம் போயிற்று. வட்டத்துக்குள் வட்டம், மயிரிழை பிசகாமல் விழுந்தது.

"அச்சுல வந்த மாதிரி இருக்கு," என்றாராம் காஜா அம்மா. பெரியம்மா அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னார். தன் வேலையைப் பற்றி அவர் வீட்டில் ஏதாவது சொன்னால், அது யாராவது பாராட்டிய நாளாக இருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காஜா அம்மா வந்தார். எழுதிய கடிதத்தை ஒட்டாமல் கொண்டுவருவார். கூப்பன் வாங்கி, உள்ளே வைத்து, கவுன்டரிலேயே கோந்து தொட்டு ஒட்டிக் கொடுப்பார். கடிதம் போய்க்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை.

முதலில் தூரம் என்று சொல்லிக்கொண்டார். பிறகு கப்பல் தாமதம். ஐந்தாவது மாதம், "அவனுக்கு என் மேல கோபம் மேடம்," என்றார். கப்பலுக்குப் போகிற அன்றைக்கு வழியனுப்பத் தான் போகவில்லையாம், நாற்பது சட்டை பாக்கி இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பேசாமல் இருப்பானா என்று பெரியம்மாவிடமே கேட்டார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தராசைத் துடைத்தாராம்.

ஏழாவது மாதமும் ஒன்றும் வராதபோது காஜா அம்மா கவுன்டர் முன்னால் அழுதுவிட்டார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா சொன்னார்: "கூப்பனும் வச்சு அனுப்புறீங்க, ஒரு வரி எழுத முடியலன்னா அவன் கல்நெஞ்சுக்காரன்தான். நீங்க ஏன் உங்களையே நொந்துக்கிறீங்க?"

காஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்ததைப் பெரியம்மா பார்த்தார். வீட்டில் சாப்பிடும்போது இதையும் சொன்னார். வெறும் முத்திரை குத்துவது மட்டுமல்ல இந்த வேலை என்று பெரியப்பாவிடம் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னார்.

ஒன்பதாவது மாதத்திலிருந்து காஜா அம்மாவின் கடிதங்கள் தடித்தன. இரண்டு தாள், மூன்று தாள். கூடுதல் எடைக்குக் கூடுதல் ஸ்டாம்ப். என்ன எழுதுகிறார் என்று பெரியம்மா கேட்கவில்லை. அப்படியே பதினாறு மாதம் ஆயிற்று.

பதினாறாவது கடிதம் போய் இரண்டு வாரம் இருக்கும். கவுன்டருக்கு ஒரு ரேடியோ மெக்கானிக் வந்தார். வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவது அவருடைய பொழுதுபோக்கு. ஏதோ ஒரு நிலையத்தார் அவருக்கு ஒரு பதில் கூப்பன் அனுப்பியிருந்தார்கள். இதை வாங்கிக்கொண்டு ஸ்டாம்ப் கொடுங்கள் என்று நீட்டினார். வெளியிலிருந்து வந்த கூப்பனைப் பெரியம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதில் இடப்பக்க வட்டத்தில் முத்திரை இருந்தது. வலப்பக்க வட்டம் காலியாக இருந்தது.

பெரியம்மா கேட்டுவிட்டார். இது ஏன் இடப்பக்கம் குத்தியிருக்கிறது என்று, முன்பின் தெரியாத ஒருவரிடம், வரிசையில் ஆட்கள் நிற்கும்போது.

"விக்கிறவங்க குத்துறது இடப்பக்கம் மேடம். வாங்கிக்கிட்டு ஸ்டாம்ப் குடுக்குறவங்க குத்துறது வலப்பக்கம். இப்ப நீங்க குத்தணும்ல, அதுக்குத்தான் அது காலியா இருக்கு. வலப்பக்கம் விழுந்துட்டா அது செத்த கூப்பன். யாரும் தொடமாட்டாங்க," என்றார் மெக்கானிக். நல்ல மனிதர், தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உற்சாகத்தில் சொன்னார்.

அன்றைக்குப் பெரியம்மா வலப்பக்கம் குத்திய முத்திரை ஒரு பக்கம் மங்கலாக விழுந்தது. இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்தார். பெரியப்பா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பெரியம்மா தரையில் விரலால் இரண்டு வட்டம் போட்டு, நடந்ததைச் சொன்னார். பெரியப்பா கேலி செய்யத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பதினாறு கூப்பன். பதினாறும் மாற்றியாகிவிட்டது என்று முத்திரை சொல்லும் கூப்பன்கள். அந்தச் சிறையில் ஒருவன் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டியிருப்பான்.

மறுநாள் போஸ்ட் மாஸ்டரிடம் சொன்னார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. எழுத்தில் ஒன்றும் கொடுக்க வேண்டாம், மேலே போனால் பதில் சொல்லி மாளாது, இனிமேல் சரியாகக் குத்துங்கள், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகிறது என்றார். "வட்டத்துக்கே வட்டம் தப்புமா மேடம்? விடுங்க," என்று சிரித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா என்னை உட்காரவைத்துச் சிறை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூப்பன்களில் முத்திரை தவறான இடத்தில் இடப்பட்டுவிட்டது, அனுப்பியவர்மேல் பிழையில்லை, இத்துடன் சரியான கூப்பன் இரண்டு இருக்கிறது என்று. இடப்பட்டுவிட்டது என்றால் யார் இட்டது என்று அவர்கள் கேட்பார்களே என்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சுவரைப் பார்த்தார்.

"என்னாலன்னு போடு," என்றார்.

மகனுக்கு அவரே தமிழில் ஒரு கடிதம் எழுதினார். அதை எனக்குக் காட்டவில்லை. மேலே எங்கள் வீட்டு முகவரியைப் போட்டார். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு காஜா அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வெறும் கையோடு போய் எப்படிச் சொல்வது என்றார். அதை நியாயம் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.

அடுத்த முதல் திங்கட்கிழமை காஜா அம்மா வந்தார். கடிதத்தை நீட்டிவிட்டு, "இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன் மேடம். வேண்டாங்கிறவனைப் போட்டு ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றார்.

"இன்னும் ரெண்டு மாசம் பாருங்க."

"என்ன கணக்கு அது, ரெண்டு மாசம்?"

"சும்மாதான் சொன்னேன்," என்றார் பெரியம்மா. இடப்பக்க வட்டத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். காஜா அம்மா இடத்தைக் கவனிக்கவில்லை. கடிதத்துக்குள் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். அந்த இரண்டு மாதமும் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சட்டைப் பித்தானைப் பூட்டும்போதெல்லாம் பெரியப்பா ஏதோ தப்பு செய்கிறவர்போல அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதில், அவர் வேலை செய்யும் இடத்துக்கே காலைப் பையில் வந்தது. பிரித்து அடுக்கும்போது தன் பெயரைப் பார்த்திருக்கிறார். அதைப் பிரிக்காமல், சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். உறையில் ஏதோ பறவை போட்ட வெளிநாட்டு ஸ்டாம்ப். அதன்மேல் முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூப்பன் செல்லுபடியாகியிருக்கிறது என்றார். பிறகு உறையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தமிழ்க் கடிதம்தான். அவர் படித்திருக்கலாம்.

ஒரே பக்கம். எனக்கு ஏறக்குறைய முழுவதும் நினைவிருக்கிறது.

'உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் வைத்த கூப்பனுக்கு ஸ்டாம்ப் கொடுத்தார்கள். அம்மா வைத்த கூப்பன் எதற்கும் கொடுக்கவில்லை. இது ஏற்கெனவே மாற்றியது, எங்கே பொறுக்கினாய் என்று கேட்டார்கள். ஒவ்வொரு மாசமும் கேட்டார்கள். முதலில் அக்கா வீட்டுக்காரர்தான் பழசை எங்கேயோ வாங்கி அம்மாவை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். அதை எழுதிச் சொல்லவும் ஸ்டாம்ப் இல்லை, முதல் கடிதத்துக்கு உதவியவரும் அப்புறம் வரவில்லை. அம்மாவோ கூப்பன் வைத்தும் ஏன் எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தாள். எட்டாவது கடிதத்தில், போஸ்ட் ஆபீஸ் அம்மாவே உன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிட்டார், உன்னைப் பெற்றதற்கு நான்கு சட்டை கூடுதலாகத் தைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த எதையும் நான் பிரிக்கவில்லை. என் சாமான்கள் இருக்கும் அறையில் போட்டுவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படி எழுதிக் கொடுத்ததைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள், வெளியே போகும்போதுதான் தருவார்கள். மாற்றவும் எனக்கு மனசில்லை. முத்திரை தப்பியது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அவள் எழுதியதை முத்திரை எழுதவில்லை. அந்தப் போஸ்ட் ஆபீஸ் அம்மா நீங்கள்தானா? இன்னொரு கூப்பன் வைக்க வேண்டாம்.'

படித்து முடித்ததும் பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்தார்.

"நான் அதை ஆறுதலுக்குத்தான் சொன்னேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வார்த்தை வராவிட்டால் நான் சொல்ல வேண்டும் என்று வழியில் சொல்லிவைத்தார். ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறை. கீழே பித்தான் விழுந்தால்கூடக் கேட்கும் அளவுக்கு மெல்லிய பலகைத் தரை. கழுத்துப் பட்டி வைத்து முடித்த சட்டைகள் மூலையில் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. தாழத் தொங்கவிட்ட பல்பின் கீழே காஜா அம்மா ஒரு சட்டையை முழங்காலில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, போஸ்ட் ஆபீஸே மாடி ஏறி வந்திருக்கு?" என்று சிரித்துக்கொண்டே, ஒரு குவியலைத் தள்ளி இடம் செய்தார். என்னைக் காட்டி மகளா என்று கேட்டார். தங்கச்சி மகள் என்றார் பெரியம்மா.

பிறகு உட்காராமலே சொன்னார்: "உங்க பையன் எழுதாம இருக்கல. எழுத முடியாதபடி நான் பண்ணிட்டேன்."

இரண்டு வட்டங்கள் இருக்கின்றன என்பதையும், எது எதற்கு என்பதையும் அவர் சொன்னபோது காஜா அம்மாவுக்கு விளங்கவில்லை. முத்திரைதான் நன்றாக விழுந்ததே, நானே பார்த்தேனே என்றார். மறுபடி சொன்னார். காஜா அம்மா முழங்காலில் இருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். அதன் இரண்டு பக்கத்தையும் கையால் விரித்தார்.

"ஆம்பளைச் சட்டைக்குக் காஜா இடப்பக்கம், பித்தான் வலப்பக்கம்," என்றார் மெதுவாக. "காஜாவை வலப்பக்கம் வெட்டிட்டீங்க. அதானே?"

"ஆமா."

"பதினாறு சட்டைக்கு."

பெரியம்மா தலையாட்டினார்.

"நான் அப்படி ஒரு சட்டைக்குப் பண்ணியிருந்தா அன்னிக்கே கடைக்காரன் துணியை மூஞ்சியில எறிஞ்சிருப்பான். உங்களுக்கு யாரும் எறியலையா?"

பெரியம்மா பையைத் திறந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். காஜா அம்மா அதைப் படிப்பதற்கு முன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவன் கையெழுத்துதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு கணம் அவர் முகம் சின்னப் பெண்ணுடைய முகம்போல இருந்தது. நான் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"எட்டாவதோட நிறுத்திட்டானாமே. ஒன்பதாவதுலதான் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அப்புறம் எழுதினது பூராவும் அதான்." எங்களைப் பார்க்காமல் சொன்னார். "சட்டைன்னு எழுதினது எனக்கே ராத்திரி தூக்கம் வரல. அதான் உடனே..."

கீழே யாரோ தையல் இயந்திரத்தை ஓட்டி நிறுத்தினார்கள்.

"கல்நெஞ்சுன்னு நீங்க சொன்னீங்க இல்ல," என்றார் பிறகு. "அன்னிக்கு எனக்கு அது குளுகுளுன்னு இருந்துச்சு. நான் கெட்டவ இல்ல, அவன்தான்னு. என் சொந்த வார்த்தையா இருந்தா எழுதியிருக்க மாட்டேன். படிச்சவங்க, கவர்மென்ட் வேலையில இருக்கிறவங்க சொல்றாங்களேன்னுதான் எழுதினேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை. இரண்டு மொழியில் படித்திருந்தேன்.

ரெண்டு மாசம் பாருங்கள் என்று சொன்னபோதே இது தெரியுமா என்று காஜா அம்மா கேட்டார். தெரியும் என்றார் பெரியம்மா. காஜா அம்மா கடிதத்தை மடித்தார். உறையும் தனக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார். ஊசியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நூல் கோத்தார். "பொழுது போயிடுச்சுன்னா கண்ணு சரியாத் தெரியறதில்ல. காலையில குடுக்கணும்," என்றார். நாங்கள் படியிறங்கினோம்.

மறுநாள் பெரியம்மா போஸ்ட் மாஸ்டரின் பேச்சைக் கேட்காமல் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார் என்று ஒரு வரி. கீழே முத்திரை. அதைப் படித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று பெரியம்மா போஸ்ட் மாஸ்டரைக் கேட்டாராம். சம்பளத்தில் கைவைக்கவில்லை என்று அவர் சந்தோஷப்பட்டார். வேறு கவுன்டர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றார் பெரியம்மா. வட்டம் மேடம் என்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள்.

காஜா அம்மா இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த முதல் திங்கட்கிழமை வந்தார். அந்த அலுவலகத்தில் கூப்பன் மூன்றாம் கவுன்டரில் மட்டும்தான். ஊரில் வேறெங்கும் கிடைக்காது. ஒட்டாத கடிதத்தைப் பலகையில் வைத்துக் கைகட்டி நின்றார். முன்பு அவர் உட்கார்ந்து பேசுவதற்கென்று பெரியம்மா ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார், அதில் உட்காரவில்லை. பெரியம்மா இடப்பக்கம் குத்தினார். காஜா அம்மா கூப்பனை வாங்கி, முத்திரை எந்தப் பக்கம் என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கடிதத்துக்குள் வைத்து ஒட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். இப்போது மூன்று வருஷம் ஆகிறது. நான் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டேன். விடுமுறையில் போகும்போது கேட்டால், வந்தாங்க என்று மட்டும் பெரியம்மா சொல்வார். அவன் எழுதிக் கொடுத்தது அப்படியேதான் இருக்கிறது, ஒரு பதிலும் வரவில்லை. கடிதங்கள் எல்லாம் அங்கே ஏதோ ஓர் அறையில் அவன் பெயர் எழுதிய பைக்குள் விழுந்துகொண்டிருக்கின்றன. மன்னிப்புக் கேட்டவை சில செத்த கூப்பன்களோடு, மற்றவை உயிருள்ள கூப்பன்களோடு. வெளியே வரும் அன்று மொத்தமாக அவன் கையில் கொடுப்பார்கள். அப்போது அவனுக்குக் கூப்பனே தேவைப்படாது என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். பெரியம்மா எழுந்து தட்டைக் கழுவப் போனார். அது அவருக்கும் தெரியும், காஜா அம்மாவுக்கும் தெரியும் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அவன் வெளியே வருவதற்கு ஏழு மாதம் முன்னால் பெரியம்மாவுக்கு ஓய்வு வருகிறது. இந்தத் தடவை நான் போயிருந்தபோது கூப்பன் கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். முதல் தடவையாக அலுவலகத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதன் உள் அட்டையில் எழுதச் சொன்னார். விற்கும்போது இடப்பக்கம், மாற்றும்போது வலப்பக்கம். எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் எழுதச் சொன்னார். பெரிதாக எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அடுத்து வருபவர் படிப்பாரா என்று அவருக்குச் சந்தேகம். அட்டையைக் காட்டி வாயாலும் சொல்லிவிட்டுப் போகப்போவதாகச் சொன்னார். அதோடு, முதல் திங்கட்கிழமை ஓர் அம்மா வருவார் என்றும் சொல்லவேண்டும் என்றார்.

"கூப்பனைக் குடுக்கிறதோட நிறுத்திக்கணும், வேற ஒண்ணும் பேசவேண்டாம்னு சொல்லணும்," என்றார்.

பிறகு கோப்பை மூடி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். மறுநாள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை.